ஆயுத பூசையன்னைக்கு அணைஞ்ச பெட்டி

எம் மக முன்ரூம்ல உக்காந்து கல்யாண வீடியோ எடிட் பண்ணுதா. அவ கம்ப்யூட்டரு பாகம் பாகமா வாங்கிச் சேத்த பெட்டி. உள்ள ஓடுத சாப்ட்வேரு வேறொரு கம்பெனிக்காரன் அவன் பெட்டிக்குன்னு மட்டும் செஞ்சது. ‘அவன் பெட்டி வாங்க நம்மால ஆவாதுப்பா, எப்படியோ ஏத்திட்டேன். கெட்டா கேக்க நாதியில்ல’ன்னுவா. எனக்கு வெளங்கிட்டு. நான் வாடகைக்கு ஓட்டுன காருக்குள்ள இருந்தது ஒரு வேனு எஞ்சின். பாபநாசத்துல சவாரி வந்தவங்க குளிச்சு ஏறுத வரைக்கும் அணைக்க மாட்டேன். அணைச்சா ஈரத்துணியோட அவங்கதான் தள்ளணும். ஒருக்க ஒரு கல்யாண மாப்பிள்ளையே தள்ளுனாரு... சரி, அது கெடக்கட்டும்.

போன ஆயுத பூசையன்னைக்கு அந்தப் பெட்டியில காயல்பட்டினத்து மாப்பிள்ளை ஒருத்தரோட நிக்காஹ் வீடியோ ஓடிக்கிட்டு கெடந்து. புதுப் பொண்ண இங்கன விட்டுட்டு மறுநா துபாய்க்குப் போறாரு. கையோட கொண்டு போவணும்னு கேட்டிருந்தாரு. மகளும் சரின்னுட்டா.

எம் பொண்டாட்டி அருவாமனை, தையல் மிஷினுக்கெல்லாம் சந்தனம் வச்சுட்டு வந்தா. “ஏட்டி, இதையும் அணை. இன்னைக்கு ஒரு நாளு சும்மா கெடக்கட்டும்.”

“எம்மா, அணைச்சா எந்திரிக்குமோ எந்திரிக்காதோ!”

“இது என்ன பெட்டிட்டி, உங்கப்பன் காரு மாதிரி!”

கடைசில திரைய மட்டும் அணைக்கதுன்னு முடிவாச்சு. மக குளிக்கப் போனா. எம் பொண்டாட்டி பெட்டிக்குப் பொட்டு வச்சு, பட்டுத்துண்டால நாலு பக்கமும் போத்திட்டா.

உள்ள விசிறி கெடந்து கத்துது. என்னன்னு தெரியல, எனக்கு இருப்புக் கொள்ளல. வாசலுக்குப் போவேன், வருவேன். பொறவு சத்தம் நின்னுட்டு. அப்பாடான்னேன். மக தலையத் துவட்டிக்கிட்டு வந்து துண்ட உருவுனா, பெட்டி தோசைக்கல்லா கொதிக்கி. காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சுத் தானா அணைஞ்சிருக்கு.

திரும்பப் போட்டா, திரையில ஒரு கோடு பாதி வரும், நிக்கும். மேசை விசிறிய அதுக்கு நேரா வச்சோம். பொண்டாட்டி சூடத்தக் கையில வச்சுக்கிட்டு, “ஓடிரு தாயி, இன்னைக்கே ஓடிரு”ங்கா. நான் வாசலுக்கும் ரூமுக்கும் நடக்கேன்.

“எப்பா, ஒரு எடத்துல உக்காருதியளா? பெட்டிய விட நீங்கதான் பயமுறுத்துதிய.”

பைய அந்தக் கோடு நவுந்து முழுசாச்சு. படம் வந்துட்டு, சத்தம் வரல. படத்துக்குக் கீழ அலை அலையா ஒரு கோடு ஓடுது. “அதுதாம்ப்பா சத்தம். உள்ள இருக்கு, இந்தப் பெட்டிதான் பேச மாட்டேங்கு”ன்னு அதப் பாத்தே வேலைய முடிச்சா. மாப்பிள்ளையோட மச்சான் வாசல்ல பைக்க அணைக்காம நிக்காரு. வேற எதுலயும் போட்டுக் கேக்க நேரமில்ல. பென்டிரைவ வாங்கிட்டுப் பறந்துட்டாரு.

சுண்டல ஆரும் தொடல. “இப்ப ஆழ்வார்திருநகரி தாண்டியிருப்பாரு”ன்னேன். “சும்மா இருங்க”ன்னாங்க ரெண்டு பேரும்.

பொழுது சாய மாப்பிள்ளையோட வாப்பா போன் போட்டாரு. “அண்ணாச்சி, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“சத்தம்?”

“என்ன இப்படிக் கேக்குதிய?”ன்னு போன டிவி பக்கம் திருப்புனாரு. நெறைய பேரு ஒண்ணா ஆமீன் சொல்லுதாங்க.

மக சுண்டல் கிண்ணத்த எடுத்தா. பொண்டாட்டி போயி சூடம் ஏத்துனா. பட்டுத்துண்டு என் தோள்ல கெடந்து. அவ கையில குடுக்கல.