பக்கத்துக் கடையைப் பார்த்த தபாலம்மா

இருபத்தாறு வருடம் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்து நடந்த முழங்கால் ஒருநாள் இனி முடியாது என்றுவிட்டது. அதன்பிறகுதான் நகராட்சி ஆவண அறையில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அங்கேயும் எல்லோருக்கும் அவர் தபாலம்மாதான்.

ஊரில் எந்தக் கதவு எண்ணில் யார், என்ன தொழில் என்று அச்சிட்ட பழைய முகவரிப் புத்தகங்களைப் பார்த்துக் கணினியில் பெயர்ப் பட்டியல் ஏற்றுவது வேலை. அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் வாசல் வாசலாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் காதில் விழுந்தது ஒன்று, அச்சுக் கோத்தவர் கைக்கு வந்தது வேறொன்று. ஒரே குடும்பப் பெயர் ஒரு வருடம் எழுத்துக் கூடிக் கொழுத்திருக்கும், மறுவருடம் இளைத்துப்போயிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலூன்காரர் வந்தார். சட்டைக் காலரில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது.

"சந்தைத் தெருவ அகலப்படுத்துறாங்கம்மா. அம்பது வருஷமா ஒரே குடும்பம் நடத்துற கடைய மட்டும் விட்டுருவாங்களாம். அப்பா காலத்து லைசென்ஸ் இருக்கு. தாத்தா காலத்துக்கு உங்க லிஸ்ட்தான் ஆதாரம். அதப் பாத்துட்டு, கடை நாலு கை மாறியிருக்குன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலன்னா காலி பண்ணணும்."

தபாலம்மா தேடினார். நான்கு விதமான எழுத்தில் நான்கு பேர். போன மாதம் அவரே தட்டியது.

பிரிவு அதிகாரி எட்டிப் பார்த்தார். "நாலையும் ஒரே மாதிரி திருத்திட்டாப் போச்சு."

"திருத்தக் கூடாது சார். புத்தகத்துல இருக்கறது அப்படியே இருக்கணும். கைய வச்சா நாமளே கதை கட்டினோம்பாங்க."

"அப்ப நாலும் ஒரே ஆளுன்னு எப்படிக் காட்டுவீங்க?"

"பேர மட்டும் நம்பியா சார் கடுதாசி குடுத்தேன்? பாதிப் பேரு தப்பாத்தான் வரும். பக்கத்து வீட்டப் பாத்துத்தான் குடுப்பேன்."

புத்தகங்களை மேசையில் வரிசையாக விரித்தார். நான்கு பெயரையும் சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே ஓசை, ஒரே இனிஷியல். தொழில் முடிவெட்டுதல். கதவு எண் பதினான்கு. இடப்பக்கம் கடிகாரக் கடை, வலப்பக்கம் ஐஸ் டிப்போ. எல்லாம் ஒத்துப்போய்க்கொண்டே வந்து, நான்காவது புத்தகத்தில் எண் இருபத்திரண்டு என்றிருந்தது.

சலூன்காரர் முகம் தொங்கிவிட்டது. "அவ்வளவுதானாம்மா?"

"பொறுங்க. கடிகாரக்காரர் எங்க போனாருன்னு பாப்போம்."

பன்னிரண்டில் இருந்தவர் இருபதில் இருந்தார். பதினாறில் இருந்த ஐஸ் டிப்போ இருபத்துநான்கில்.

"உங்க கடை நகரலங்க. தெருவுக்கே நம்பர மாத்தியிருக்காங்க."

அச்சில் இருந்த நான்கு பெயர்களிலும் அவர் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. நான்குக்கும் எதிரே ஒரே இணைப்பு எண் போட்டு, எதை வைத்து இணைத்தார் என்பதையும் பக்க எண்ணோடு எழுதினார். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை சலூன்காரர் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை தபாலம்மா கதவைத் திறந்தபோது சலூன்காரர் வாசலில் நின்றிருந்தார். "கடை நிக்குதும்மா," என்றார். பின்னாலேயே கடிகாரக் கடைக்காரர், ஐஸ் டிப்போ அக்கா, இன்னும் மூன்று பேர். "இவங்க கடைக்கும் பாக்கணுமாம்."

"தெருவையே கூட்டிட்டு வந்துட்டாரே," என்றார் அதிகாரி.

தபாலம்மா புத்தகங்களை இழுத்து வைத்தார். "கடை இருக்கற வரிசையிலேயே உக்காருங்க. எனக்குச் சுலபமா இருக்கும்."