செத்தவள் என்று எழுதப்பட்ட நான் அம்மனிடம் கேட்டது

என் மகள் வெளிநாடு போவதற்காக, நான் செத்துப்போனவள் என்று ஒரு கடிதத்தில் எழுதினார்கள். அதற்குத் தலையாட்டியது நான்தான். அந்த அசிங்கத்துக்குள்ளிருந்து கண்ணகை அம்மன் எங்களை எப்படித் தூக்கி எடுத்தாள் என்பதைச் சொல்லப் போகிறேன். நாலு பேர் முன்னால் எழும்பி நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சடங்கு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கோயில் ஆட்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். பிழை இருந்தால் அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணிப் பக்கம். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில் கடல் வந்த அன்று என் கணவர் வலை இழுக்கப் போயிருந்தார். மூன்றாம் நாள்தான் அவரைக் கண்டெடுத்தோம். எனக்கு மிஞ்சியது ஒரே மகள் தர்சினி. நான் வயது போய்ப் பெற்ற பிள்ளை. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

முகாமில் அரிசி கொடுக்க ஒரு உதவி நிறுவனத்தின் பொறுப்பாளர் வந்தார். தர்சினியை என் பக்கத்தில் நிறுத்தி, பையை என் கையில் வைத்து, தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுப்பித்தார். “அம்மா, இஞ்ச பாத்து ஒருக்கா அழுங்கோ” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பையைத் திருப்பி வாங்கி, மறுபடி தந்து, மூன்று முறை எடுத்தார்கள். முடிந்ததும் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். அவர் பூசியிருந்த சென்ட் மணம் பையிலும் ஒட்டியிருந்தது. அந்த அரிசியை மூன்று முறை களைந்துதான் உலையில் போட்டேன்.

பிறகு சண்டை. ஷெல்லுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி, மரத்தடியிலும் கூடாரத்திலும் கிடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. அதற்குள்ளும் தர்சினி படித்தாள். பல்கலைக்கழகத்துக்கும் எடுபட்டாள். வானத்தில் சுற்றுகிற செய்மதிகள் எடுக்கும் படங்களைப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. கடல் வந்த பிறகு, வாவி கடலோடு சேருகிற வாயில் மணல் எங்கே நகர்ந்தது, மாரியில் அந்த வாயை வெட்டி விடாவிட்டால் எந்த வயல் வட்டையில் வேளாண்மை தண்ணீரில் தாழும் என்றெல்லாம் அதை வைத்துச் சொல்லுவாள். எனக்கு அரைவாசிதான் விளங்கும்.

சண்டை முடிந்த வருடம் அவளுக்குப் படிப்பிக்கிற சேர் ஒரு விசயம் சொன்னார். விண்வெளியைப் பற்றிப் படித்தவர்கள் உலகம் முழுவதிலும் இருந்து வந்து கூடுகிற மாநாடு ஒன்று வெளிநாட்டில் நடக்கிறதாம். மாணவர்கள் அதற்குப் போய்வர டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுப்பார்களாம். தர்சினி விண்ணப்பம் எழுதினாள். ஊரில் பகிடியும் தொடங்கியது.

“என்ன கா, உன்ட மகள் ரொக்கட்டில போறாளாம்?” என்று பக்கத்து வீட்டு மருமகள் கேட்டாள்.

“இல்ல மனே, பிளேனிலதான்” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விண்ணப்பத்தோடு இரண்டு கடிதம் வைக்க வேண்டும். படிப்பைப் பற்றி சேர் எழுதினார். வீட்டு நிலைமை தெரிந்த ஒருவரின் கடிதமும் வேண்டும். அதைக் கேள்விப்பட்டு அதே பொறுப்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மகள் வீட்டில் இல்லை. உட்காரக் கதிரை எடுத்துக் கொடுத்தேன்.

“தகப்பன் மட்டும் இல்லாத புள்ளையள் ஆயிரம் இரிக்கு அம்மா. ரெண்டு பேரும் இல்ல எண்டு போட்டாத்தான் வெள்ளக்காரனுக்கு மனம் இளகும். சும்மா கடதாசியிலதானே.”

பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறபடாது. பிள்ளை போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

“மகளுக்குச் சொல்லிப்போடாதீங்க. படிச்ச புள்ளையள் ரோசம் பாக்கும்.” அப்படிச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமல் வைத்துப் போனார். கடிதத்தை ஒட்டித் தானே அனுப்பினார்.

ஆடி மாதம் தர்சினி தெரிவானாள் என்று அறிவித்தார்கள். பொறுப்பாளர் பட்டணத்துக்குள், புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க பின்னால இரிங்கோ. ஆரும் கேட்டா சின்னம்மா எண்டு சொல்லுங்கோ” என்றார். மண்டபத்தின் பின்பக்கம் கோப்பை கழுவுகிற பெண்களோடு நின்றேன்.

மேடையில் பெரிய பதாகை. முகாமில் எடுத்த படம் அதில் இருந்தது. என்னை வெட்டி எடுத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தை மட்டும் பெருப்பித்திருந்தார்கள். ‘கடல் கொண்ட தாய் தந்தையை விண்ணில் தேடும் அநாதை மகள்’ என்று கீழே எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அழுக்குத் தண்ணீரைக் குடித்ததுபோல் இருந்தது.

தர்சினியும் வாசித்தாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நேரே பின்பக்கம் வந்து என் கையைப் பிடித்தாள்.

“வா அம்மா, வீட்ட போவம்.”

பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “நான் கண் முழிச்சிப் படிச்சதுக்குக் கிடைச்சது எண்டு நினைச்சன். நீ செத்ததுக்கா தந்தவங்க?”

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சத்தி எடுத்தேன். அந்த ஆளை நினைத்தாலும் குமட்டியது. என்னை நினைத்தாலும் குமட்டியது.

அடுத்த நாள் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் அம்மன் கதவு திறக்கும். மற்ற நாட்களில் நாங்கள் கிட்டப் போவதில்லை. வெளி மதிலுக்கு அப்பால் நின்றேன். எங்கள் கோயிலில் பூசை செய்கிற கப்புகனார் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன கா தூரத்தில நிக்காய்?”

நடந்ததைச் சொன்னேன். எங்களுக்குச் சாவுத் தீட்டு, துடக்கு வந்துவிட்டதோ, நான் இந்த இடத்தில் நிற்கலாமோ என்று கேட்டேன். அவர் விளக்குமாற்றை நிலத்தில் ஊன்றி யோசித்தார்.

“துடக்கு உயிரோட இரிக்கிற ஆக்களுக்குத்தான். செத்தவளுக்கு என்ன துடக்கு? சும்மா நிண்டு கும்பிடு.” பிறகு சிரிக்காமல் சொன்னார். “ஆனா தாயிட்டப் பொய்யோட நிக்காத. அவக்குப் பொறுக்காது.”

மூடின கதவைப் பார்த்துக் கேட்டேன். “தாயே, என்ட புள்ள போக வேணும். என்னச் சாகடிச்சிப்போட்டுப் போக வேணாம். ரெண்டும் உன்ட கையில.” அவ்வளவுதான் கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கு வந்து, தலையாட்டியது நான்தான் என்று மகளிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பயந்தேன். அவளோ உடுப்பை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் மாநாட்டுக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். அம்மா உயிரோடு இருக்கிறார், அந்தக் கடிதம் பொய், இதற்காக என்னை நீக்கினாலும் சரி என்று.

கேள்விப்பட்டுப் பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். “இனி இந்த மாவட்டத்துப் புள்ளையளுக்கு ஒருத்தனும் ஒண்டும் தரமாட்டான். உங்கட மகள்ட திமிரால எல்லாம் நாசம்” என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். அன்றைக்கு என் வாய் திறந்தது.

“தம்பி, நான் உயிரோட இரிக்கன். அத எழுதுறதுக்கு உங்களிட்ட உத்தரவு கேக்க வேணுமா?”

முற்றத்தில் கிடந்த கதிரையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவர் போய்விட்டார்.

பதினொரு நாள் பதில் வரவில்லை. அம்மனுக்கு விரதமாக மீன் மச்சம் சமைக்கவில்லை. பின்னேரம் பின்னேரம் கோயில் மதிலடியில் போய் நின்றேன். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, எடுத்து வைத்த உடுப்பையும் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். என்னால் கெட்டது என்ற எண்ணம் என்னைத் தின்றது.

பன்னிரண்டாம் நாள் தர்சினி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். பதிலைத் தாளில் எடுத்து வந்து தமிழில் சொல்லிக் காட்டினாள். அவளை எடுத்தது அவள் வாவியைப் பற்றி எழுதிய ஆய்வுக்காகத்தானாம். வீட்டு நிலைமைக் கடிதத்துக்குப் புள்ளியே கிடையாதாம். உண்மையான கடிதம் ஒன்றை மட்டும் அனுப்பச் சொன்னார்கள். கிராம சேவகர் அன்றைக்கே எழுதித் தந்தார். தகப்பன் இல்லை, தாய் இருக்கிறார் என்று இரண்டே வரி.

போவதற்கு முன் இன்னொரு படிவம் வந்தது. பயணத்தில் ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று அதில் ஒரு இடம். தர்சினி என் முழுப் பெயரையும் எழுதி, உறவு என்ற இடத்தில் ‘தாய்’ என்று போட்டாள். என்னை அதன் மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அப்போதுதான் நான் அழுதேன்.

ஐப்பசியில் போனாள். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். “அம்மா, இவ்வளவு பெரிய திரையில நம்மட வாவி” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அந்தப் பொறுப்பாளரை இப்போதும் எங்காவது கண்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும். அம்மன் அதை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வாசித்துக் காட்டாத தாளுக்கு நான் தலையாட்டியதில்லை. ஒருவருடைய படத்துக்கும் அழுததில்லை. உதவி என்று வருகிறவர்களிடம் ஊர்ப் பெண்கள் போகும்போது நானும் கூடப் போய், “என்ன எழுதியிருக்கு எண்டு முதல்ல வாசியுங்கோ” என்று கேட்கிறேன். குரல் நடுங்கும். ஆனாலும் கேட்கிறேன். இந்த வாயைத் திறந்து தந்தவள் அம்மன்.

வெளியே சொல்லக் கூசுகிற ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மதிலடிக்கு வாருங்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் நிற்பேன். உங்களுடையதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.