திரும்பி ஓடிய தண்ணீர்

இந்த வார அனிமே எபிசோடின் கடைசிக் காட்சியில் கடல் சத்தமில்லாமல் உள்வாங்கியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நெருப்பு எமோஜிகள் பறந்தன. "செம சீன்டா! அடுத்த வாரம் வரைக்கும் எப்படி இருக்குறது?" என்றான் கிளியனூர் நண்பன்.

எனக்கு எட்டு வயதில், மரக்காணம் உப்பளத்தில், பாத்திக்கு வரவேண்டிய கால்வாய்த் தண்ணீர் திடீரென்று கடலைப் பார்த்துத் திரும்பி ஓடியது. "எவண்டா மடையத் தொறந்து வுட்டது?" என்று திட்டிக்கொண்டே அம்மா அதை அடைக்கக் கடல் பக்கம் போனாள். நான் சேற்றில் துள்ளிய மீன்களைப் பொறுக்கினேன். பிறகு ஒரு இரைச்சல் கேட்டது.

"உப்பு மேட்டு மேல ஏறுடா!"

அம்மாவின் குரல் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

குழுவில் ஒரே வார்த்தை போட்டேன்: "ஓடுங்க."

சிரிக்கும் எமோஜிகள் வரிசையாக வந்தன. என் கண்கள் வீட்டுக்குள் ஏறி நிற்க உயரமான இடம் தேடிக்கொண்டிருந்தன.