பரந்தாமனுக்குக் காது மந்தமான கதை

பட்டாபிராமில் ஒரு கேஸ் ஏஜென்சி. அதன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பரந்தாமனுக்கு இரண்டு காதும் பழுதில்லாமல் கேட்கும். பாரிவாக்கத்தில் அவன் வீட்டு வாசலில் நின்று யாராவது அவனைப் பற்றி முணுமுணுத்தால், தோட்டத்துப் பக்கம் குளித்துக்கொண்டிருப்பவன் அங்கிருந்தே பதில் கொடுப்பான். அப்பேர்ப்பட்டவன் காது மந்தமானவன் என்று எப்படிப் பெயர் வாங்கினான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பரந்தாமன் சிலிண்டர் தூக்கினான். முதுகு பிடித்துக்கொண்டு மாடி ஏற முடியாமல் போனபோது, முதலாளி பக்தவத்சலம் அவனைக் கவுண்டரில் உட்கார வைத்தார். உட்கார்ந்த இடத்தில் அவன் ஒரு வித்தை கற்றுக்கொண்டான். வாடிக்கையாளர்களுக்கு என்ன சேதி போக வேண்டுமானாலும் அதைப் போனிலேயே ஒரு படமாகச் செய்துவிடுவான். மேலே பிள்ளையார், மூலையில் கைகூப்பிய முதலாளி, சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் மஞ்சளின்மேல் சிவப்பு எழுத்து. அதை அப்படியே எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் தட்டிவிடுவான். "இவன் கையில கல்யாணப் பத்திரிகையே தோத்துடும்யா" என்று முதலாளி ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து நம்ம ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் எழுத்தில் சேதி அனுப்புவது அவனுக்குப் பூவும் பொட்டும் இல்லாமல் விசேஷத்துக்குப் போவது மாதிரி.

பதிலுக்கு யாராவது பேசிப் பதிவு செய்து அனுப்பினால் மட்டும் எரிச்சல் வரும். "இத்த எவன் காதுல வெச்சிகினு குந்திகினு இருப்பான்?" என்பான். திறக்கவே மாட்டான். கும்பிடு போடும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். கும்பிட்டாயிற்று, வேறென்ன வேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கவுண்டரில் நல்ல கூட்டம். திடீரென்று ஒரு பெண்ணின் குரல் ஓங்கி ஒலித்தது.

"சார்! என் பேரு தாட்சாயிணி! கேஸ்! புக்! ஆக மாட்டேங்குது!"

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. இது என்ன, கவுண்டரா சந்தைக்கடையா என்று பரந்தாமன் மனதுக்குள் வைதுகொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினான். விஷயம் சாதாரணம்தான். வாடிக்கையாளர்கள் எல்லோரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், வைக்காதவர்களுக்குக் கேஸ் பதிவு நின்றுவிடும் என்று அவன் போன மாதமே படம் போட்டிருந்தான்.

நிமிராமலே சொன்னான். "ரேகை வெக்கல நீ. அதான் நின்னுபோச்சு. போன்லயும் அனுப்பிச்சிட்டோம், தோ, சொவுத்துலயும் ஒட்டிக்கீது. கண்ணைத் தொறந்து பாக்கறதில்ல?"

வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அப்போதுதான் நிமிர்ந்தான். வெள்ளைக் கைத்தடி. கறுப்புக் கண்ணாடி. வலது கையில் கட்டு.

அவன் முகம் செத்துப்போனது. அவளோ கோபப்படவில்லை. முன்னைப் போலவே உரக்க, வாயை நன்றாக அசைத்து அசைத்துச் சொன்னாள். "படம் வந்துச்சு சார்! என் போன் எழுத்தா இருந்தா படிச்சுக் காட்டும்! படத்தை 'படம்'னு மட்டுந்தான் சொல்லும்!"

கேஸ் தீர்ந்ததிலிருந்து, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நிஷாவிடம் கரண்ட் அடுப்பு வாங்கிச் சமைத்திருக்கிறாள். மேலெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் அடுப்பு. பொத்தான் எது, சூடாகும் இடம் எது என்று விரலுக்குத் தெரியாது. அணைத்துவிட்டதாக நினைத்துத் துடைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். அதையும் கையிலிருந்த கட்டை அவன் பார்த்திருப்பான் என்பதற்காகச் சொன்னாளே தவிர, குறையாகச் சொல்லவில்லை.

பரந்தாமன் எழுந்து அவளிடம் வந்தான். கட்டுப் போடாத இடது கையைப் பிடித்து, விரலை ரேகை இயந்திரத்தில் வைத்தான். "நாளைக்கு வந்துடும்மா" என்றான். "ரொம்ப நன்றி சார்!" என்று அவள் கத்தினாள். கத்தியது போதாதென்று தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டுப்போட்ட கையையும் சேர்த்து அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. அவன் மனைவி நாகம்மா எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பரந்தாமன் போனில் தாட்சாயிணியின் பெயரைத் தேடி எடுத்தான். அவன் படம், அவள் குரல், அவன் கும்பிடு. மறுபடியும் படம், குரல், கும்பிடு. முதல் குரலை அமுக்கினான்.

"வணக்கம் சார். எனக்குக் கண்ணு தெரியாது. படத்துல என்ன எழுதியிருக்குன்னு டைப் பண்ணி அனுப்ப முடியுமா?"

கீழே கும்பிடு.

"சார், நீங்க கும்பிட்டதா என் போன் சொல்லுச்சு. ஆனா விஷயம் என்னன்னு தெரியல. அவசரமில்ல, முடியும்போது சொல்லுங்க."

கும்பிடு.

"பொங்கல் வாழ்த்துக்கள் சார். படத்துல பொங்கல் வாழ்த்துதானே போட்டிருக்கீங்க? இல்ல, வேற ஏதாவதா?"

அதற்கும் கும்பிடு. ரேகை வைக்கச் சொன்ன படம் அதுதான்.

நாகம்மா மொச்சையைக் கீழே வைத்தாள். "கண்ணு தெர்லன்னு அந்தப் பொண்ணு கெஞ்சிகினு கீது. நீ இன்னாடான்னா கோயில் வாசல்ல நிக்கிறவனாட்டம் கும்பிட்டுகினே கீறே. த்தூ."

அவன் வாயைத் திறப்பதற்குள் புதிதாக ஒரு சேதி வந்து விழுந்தது. தாட்சாயிணிதான். இந்த முறை குரல் இல்லை, எழுத்து.

'சார், இன்று நான் பேசியது உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்குக் காது கேட்காது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எத்தனை பேசி அனுப்பினாலும் கும்பிடு மட்டுமே வந்த பிறகுதான் தோன்றியது. தெரியாமல் குரலிலேயே அனுப்பித் தொல்லை கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். இனிமேல் நிஷாவிடம் சொல்லி எழுத்தாக அனுப்புகிறேன்.'

பரந்தாமன் அதை நாகம்மாவிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு மறுபடியும் மொச்சையை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு. தாட்சாயிணி கவுண்டரில் கத்தியதும், வாயை அசைத்ததும், புண் கையோடு கும்பிட்டதும் எல்லாம் அவனுக்காகச் செய்தது. அவளுக்காக அவன் நாலு வரி தட்டவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போல வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நீயே நேர்ல போயி உண்மைய சொல்லிட்டு வா" என்றாள் நாகம்மா கடைசியில்.

மறுநாள் முதுகு வலியைப் பார்க்காமல் சிலிண்டர் வண்டியில் ஏறினான். 'காது நல்லாத்தாம்மா கேக்குது, திமிருல கேக்காம உட்டுட்டேன்' என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். வண்டிக்கார வேம்புலி, "இன்னா அண்ணாத்தே, தனியா பேசிகினு வர்றே?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

வேம்புலி சிலிண்டரை உள்ளே உருட்டிவிட்டு, கவுண்டர் பரந்தாமன் வந்திருப்பதாகச் சொன்னான். தாட்சாயிணியின் முகம் மலர்ந்தது. "வாங்க சார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். தன் வாயசைவு அவனுக்குத் தெரிய வேண்டுமே என்று வெயில் படும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் சேதி வந்துச்சா? உங்களுக்குக் காது... நான் நெனச்சது சரிதானே சார்?" என்றாள்.

ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். வந்த வாக்கியம் திரும்பிப் போய்விட்டது.

"கொஞ்சம்... மந்தந்தாம்மா" என்றான்.

வேம்புலி வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தான்.

"அட, இதுல வெக்கப்பட என்ன சார் இருக்கு?" என்றாள் தாட்சாயிணி. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே எழுத்தா அனுப்பியிருப்பேனே!"

இப்போதெல்லாம் அந்த ஏஜென்சியின் சேதி வெறும் எழுத்தில்தான் போகிறது. பிள்ளையாரும் ரோஜாவும் இல்லையே என்று முதலாளி கேட்டார். "எழுத்துதான் மொதலாளி எல்லாருக்கும் போய்ச் சேரும்" என்று பரந்தாமன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். தாட்சாயிணி கவுண்டருக்கு வந்தால் இன்றும் உரக்கத்தான் பேசுவாள். வரிசை திரும்பிப் பார்க்கும், வேம்புலி வெளியே போய்ச் சிரிப்பான். பரந்தாமன் எழுந்து நின்று, காதை அவள் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொள்வான்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு சேதி. ஆவடியில் ஒரு நல்ல காது டாக்டர் இருக்கிறாராம். விசாரித்து வைத்திருக்கிறாளாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அவளே கூட வருகிறாளாம்.

அவன் விரல் பழக்கத்தில் கும்பிடு பொம்மையின் மேல் போய் நின்றது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். பிறகு, அவள் போன் படித்துக் காட்டும்படி எழுத்து எழுத்தாகத் தட்டினான். 'சரிம்மா, காட்டிக்கிறேன்.'

அதுவும் பொய்.