ஆணி அடிக்காத வீடு

சாமான் கட்டுவதற்குக் கழுவிக் காயப்போட்ட உரப் பைகளின் மணம்...

கடற்காற்று உள்ளே புகுந்து, ஒவ்வொரு பையும் வயிறு ஊதி வேலியில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டையே எங்கோ தூரத்துக்குத் தூக்கிப் போகப்போகிற மாதிரி. எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் போக இருந்ததோ வேலிக்கு அந்தப் பக்கம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் கல்யாணம் முடித்தால் வீட்டை விட்டுப் போவது மகளில்லை, பெற்றவர்கள். என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. கல்முனையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அவளுக்கு. பின்வளவில் வாப்பா புதிதாகக் கட்டிய சின்ன வீடு எனக்கு. என் காலம் வரும்வரை உம்மா, வாப்பா, நான் மூவரும் அதில் இருப்பது என்று பேச்சு.

லொறி பிடிக்கவில்லை. வேலியில் இரண்டு தகரத்தைக் கழற்றி ஒரு வழி. அந்த வழியால் வீடு கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

பக்கத்தில்தானே என்று எதையும் யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. பாதிச் சோற்றோடு பானை போனது. மூடியில்லாமல் மிளகாய்த்தூள் போத்தல் போனது. தலையணைகள் என் தலையில். கோழிகள் தாமாகவே வந்தன.

எது நிற்கும், எது வரும் என்று உம்மாதான் பிரித்தார். நல்லதெல்லாம் நின்றது. காது உடைந்ததெல்லாம் வந்தது.

"இந்தக் கண்ணாடிக் கோப்பை?"

"அது கிடக்கட்டும். மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து பாக்கக்குள்ள அலுமாரி வெறுமையாக் கிடக்கப்படா."

"அப்ப நாம எதால தேத்தண்ணி குடிக்கிற?"

"வாயால குடி."

கடைசியாக வந்தது சுவர் மணிக்கூடு. வாப்பா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தகர வழியில் குனிந்து வந்தார். உள்ளே பச்சைச் சீமெந்து மணம். ஓர் ஆணியைப் பல்லில் கடித்தபடி சுத்தியலை எடுத்தார். உம்மா கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன செய்யிறீங்க?"

"மணிக்கூடு கொழுவத்தான்."

"இது சின்னவள்ட சுவர். நாம ஓட்ட போட்டு வச்சா, நாளைக்கு வாறவன் என்ன நினைப்பான்?"

வாப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாளைக்கு வருகிறவனை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆணியை வாயிலிருந்து எடுத்துச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மணிக்கூடு அலுமாரிக்கு மேல் சாய்ந்து நின்றது. சேர்ட்டுகள் ஜன்னல் கம்பியில். பாதிப் பைகளை உம்மா அவிழ்க்கவே இல்லை, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். "மறுகா எப்பிடியும் கட்டத்தானே வேணும்."

கல்யாணம் முடிந்த கிழமை. மஃரிப் தொழுது வந்த வாப்பாவைக் கால்கள் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டன. சேர்ட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருந்த தன் ஆணியில் கொழுவி, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, "புள்ள, ஒரு பிளேன்ரீ" என்றிருக்கிறார்.

ராத்தா குளித்துக்கொண்டிருந்தாள். கேட்டது புது மாப்பிள்ளைக்கு. மாமனாரோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துக் கதைக்காத மச்சான், சீனிப் போத்தலைத் தேடி, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நின்றார்.

"சீனி கூடப் போச்சு மகள்" என்று சொல்லித்தான் வாப்பா கண்ணைத் திறந்தார்.

பெனியனோடு தகர வழியால் ஓடி வந்தார். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னாலேயே ராத்தா, ஈரத் தலையோடு, மடித்த சேர்ட்டோடு.

"அந்த ஆணி உங்கடதான் வாப்பா. நான் ஒண்டும் கொழுவ மாட்டன்."

"ஓம் மகள்" என்றார்.

ஆனால் அடுத்த நாள் அந்த வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வரும்வரை காத்து நின்றார். விருந்தாளி மாதிரி... உம்மா அன்று சிரிக்கவில்லை.

பிறகு நான் படிக்கக் கெம்பஸ் போனேன். கொழும்பில் வேலை. வாடகை அறைகளில்கூட நான் ஆணி அடித்திருக்கிறேன். கண்ணாடிக்கு, பைக்கு, ஒன்றுமில்லாமல் சும்மாவும்.

இப்போது என் கல்யாணம் சரிவந்திருக்கிறது. உம்மாவும் வாப்பாவும் என்னோடுதான் இருப்பார்கள் என்று பெண் பார்க்க வந்தவரிடம் அன்றே சொன்னேன். அவர் ஓம் என்றார். உம்மாதான் ஓம் சொல்லவில்லை.

போன கிழமை லீவில் வந்தேன். தகர வேலி இருந்த இடத்தில் இப்போது மதில். ராத்தா வீட்டுக்கு றோட்டால் சுற்றித்தான் போகவேண்டும். அந்த மதிலில் வரிசையாக, வயிறு ஊதிய உரப் பைகள்.

"எங்க போப்போறீங்க உம்மா?"

"ராத்தா ஒரு அறை தாறாளாம்."

"வாப்பாவுக்குச் சம்மதமா?"

"அவருக்கென்ன... மணிக்கூட்டத் தூக்கிட்டு வருவார்."

நான் சுத்தியலைத் தேடி எடுத்தேன்.

"புள்ள, சுவர்..."

"என்ட சுவர்தானே. நான் அடிக்கிறன்."

இத்தனை வருடம் காய்ந்த சீமெந்து. இரண்டு ஆணி வளைந்தது. மூன்றாவது இறங்கியது. வாப்பா அலுமாரிக்கு மேலிருந்த மணிக்கூட்டை எடுத்து, சாரன் நுனியால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"சரிஞ்சு கிடக்கு" என்றார் உம்மா, வாசலில் நின்றபடி. ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மதிலில் கிடந்த பைகளை எடுத்து மடித்தார். ஒன்றிலும் ஒன்றும் போடவில்லை.

மஃரிப் தொழுது வந்த வாப்பா சேர்ட்டைக் கழற்றினார். ஜன்னல் கம்பிக்குப் போன கை பாதியில் நின்றது. மணிக்கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மகள்" என்றார். "கதவுக்குப் பின்னால இன்னொண்டு அடி."