பலகைக்காரரின் ஆறு பழுதுகள்

ஒரு கட்டடத்தின் ஒயரிங்கைச் சோதித்து, 'ஆபத்தில்லை' என்று கையெழுத்துப் போடும் உரிமம் வேண்டுமா? எலக்ட்ரீஷியன் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் தேர்வு நடத்தும் பலகைக்காரர் முன்னால் போய் நின்றே ஆக வேண்டும். தேர்வு அறையில் ஆளுயரப் பலகை ஒன்று. சுவிட்ச், பிளக், ஃபியூஸ் பெட்டி என்று ஒரு சின்ன வீட்டின் ஒயரிங் முழுவதும் அதில் இருக்கும். அதற்குள் ஆறு பழுதுகளை அவர் ஒளித்து வைத்திருப்பார். மீட்டர் வைத்து அளந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆறையும் கண்டுபிடித்தால் உரிமம்.

ஒரே ஒரு வில்லங்கம். பதினோரு வருஷமாக அதே ஆறு பழுதுகள். மூன்றாவது பிளக்கில் எர்த் இல்லை, ஐந்தாவதில் ஒயர் இடம் மாறியிருக்கிறது என்று எதிர் டீக்கடையில் பாடமாகவே ஒப்பிப்பார்கள். அது பலகைக்காரருக்கும் தெரியும். அவருக்கென்ன காதா கேட்காது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை மாற்றிப் பார்த்தார். இருபது பேரில் பதினேழு பேர் கோட்டைவிட்டார்கள். "ஆளத் தேத்தி அனுப்பச் சொன்னா, வீட்டுக்கு அனுப்புறீங்களே!" என்று மேலதிகாரி குதித்தார். போதாக்குறைக்கு, பலகையைக் கழற்றி மாட்ட ஒரு முழு நாள் குனிய வேண்டும்; அவருக்கோ ஏணியிலிருந்து விழுந்து நொந்த முழங்கால். பழைய ஆறையே திரும்ப மாட்டி, அப்படியே விட்டுவிட்டார். சோம்பலுக்கு நிதானம் என்று பேர் வைத்துக்கொள்வதில் நம்மில் யார்தான் குறைச்சல்?

வீட்டில் மட்டும் மனிதர் படு உஷார். பல்பு மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்துவிட்டு, மீட்டரை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பார். "ஒரு பல்புக்கு வீட்டையே இருட்டாக்குறீங்களே, நீங்க என்ன மனுஷன்!" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த வருஷம் ஒரு சலவைக்கூடத்தில், குழாயைத் திறந்த பெண் பிடித்த கையை விடுவிக்க முடியாமலே செத்துப் போனாள். ஹீட்டருக்குப் போகும் ஒயரின் தோல் குழாயில் உரசி உரிந்திருந்தது. குழாய்க்கு எர்த் இல்லை. இருபது நாளைக்கு முன்புதான் அந்த இடத்தைச் சோதித்து, எல்லாம் சரி என்று ஓர் எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் பலகைக்காரரிடம் தேறியவன்.

கோர்ட் விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். இறந்தவளின் புருஷன் முன்வரிசையில், சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் உட்கார்ந்திருந்தான். எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றான்.

"ஆறையும் பாத்தேங்க. அங்க ஆறுமே இல்ல."

"அதென்ன ஆறு?" என்றார் நீதிபதி.

பாடம் ஒப்பித்துத் தேறிய லட்சணத்தைச் சொன்னால் அவனுக்கும்தான் கேடு. பலகைக்காரரைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பலகைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். பதினோரு வருஷமாகக் கொடுத்த அத்தனை உரிமமும் செல்லாக்காசாகும். சொல்லாவிட்டால் இவன் ஒருத்தன் தலையில் எல்லாம் விடியும்.

"பொதுவா வர்ற பழுதுகள அப்படிச் சொல்லுவாங்க. தேர்வெல்லாம் முறைப்படிதாங்க நடக்குது. இவரு நூத்துக்கு நூறு வாங்குனவரு," என்றார்.

விஷயம் தெரிந்தவனே அலட்சியமாக இருந்துவிட்டான் என்று தீர்ப்பாயிற்று. மூன்று வருஷம் சிறை. வெளியே கூட்டிப்போகும்போது, "உங்க பலகையில குழாயே கெடையாதே சார்," என்று மட்டும் கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை.

பலகைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, அங்க ஏதாவது மாத்திச் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த விடுமுறை நாளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையைக் கழற்றினார். தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, எர்த் கொடுக்காமல் விட்டு, அதன் பின்னால் தோல் உரிந்த ஒயரை உரசவிட்டார். ஏழாவது பழுது. இனி ஒருத்தியும் அப்படிச் சாக மாட்டாள் என்று நினைத்தபோது நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது. பாவி மனுஷன், உண்மையாகவே அப்படி நம்பினார்.

மறுநாள் தேர்வில் முதல் இரண்டு பேரும் பழைய ஆறைச் சொல்லிவிட்டுக் குழாயில் கோட்டைவிட்டார்கள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மூன்றாவது ஆள், தலை நரைத்த ஒருவர், டீக்கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். நேராகப் போய்க் குழாயைத் தட்டினார்.

"இதுக்கு எர்த் இல்ல சார். பின்னால ஒயர் உரசுது."

"மீட்டரையே வெளிய எடுக்கலயே, எப்படிங்க தெரிஞ்சுது?"

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். மரியாதைக்காகத்தான். "அந்தம்மா செத்தது குழாயிலதானே சார்."

பிறகு மற்ற ஆறையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

தேறவில்லை என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். அளக்காமல் ஒப்பித்தார் என்று எழுதினால், அதே மாதிரி தேறிச் சிறையில் இருப்பவனைப் பற்றியும் எழுத வேண்டும். பலகைக்காரர் பேனாவைத் திறந்தார். பிறகு ஏழு கட்டத்திலும் சரி போட்டு, கீழே கையெழுத்திட்டார்.