கலவை அக்காவுக்கு நான் செய்த பிழை

என் பிழைக்கு இன்னொருவரின் கையைக் குற்றம் சொன்னேன். எங்கள் ஊரான கோப்பாயில் பெண்கள் சிலர் சேர்ந்து முகத்துக்குப் பூசும் கற்றாழைக் களிம்பு செய்கிறார்கள். அது கெடாமலிருக்க எந்தப் பதனப்பொருளைச் சேர்ப்பது என்று முடிவுசெய்தவன் நான். வேலையிலிருந்து இளைப்பாறிய இரசாயன ஆசிரியன். கலவையைச் செய்தவர் நாற்பது வயதுப் பெண். எல்லோருக்கும் அவர் கலவை அக்கா.

நான் சோடியம் பென்சோவேற்றைத் தெரிவுசெய்தேன். குடிக்கும் பழரசத்துக்கே போடுகிறார்கள், தோலை அது என்ன செய்துவிடும் என்பது என் நியாயம். அன்றே கலவை அக்கா கேட்டார்:

“சேர், நெல்லிரசம் செய்யேக்கை பாத்தனான், புளிப்பு இருந்தாத்தான் உது வேலைசெய்யும். எங்கடை கிணத்துத் தண்ணி, கொதிக்க வைச்சா கேத்திலிலை சுண்ணாம்பு படியிற தண்ணி. கொஞ்ச நாள் வைச்சுப் பாத்திட்டு விப்பமே?”

“நீர் அகப்பையைப் பாரும். இரசாயனத்தை நான் பாக்கிறன்” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

விற்கத் தொடங்கி ஐந்தாம் கிழமை, ஒரு மாதம் கடந்ததும், மூடிகளுக்குள் பச்சைப் பூஞ்சணம். ஒரு மணப்பெண்ணின் முகம் சிவந்து வீங்கியது. கூட்டத்தில் காரணம் கேட்டபோது, “கைச்சுத்தம் போதாது” என்றேன். கலவை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் ‘கைச்சுத்தம் போதாது’ என்பது சிறிய சொல் அல்ல. கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனவரை, “நீர் இரும், நாங்கள் பாக்கிறம்” என்று விலக்கினார்களாம்.

மிஞ்சிய களிம்பில், புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளை வைத்துப் பார்த்தேன். கிணற்று நீரின் சுண்ணாம்பு கற்றாழையின் புளிப்பைத் தின்றிருந்தது. என் பதனப்பொருள் பெயருக்குத்தான் இருந்தது. அந்தக் கிழமையே எனக்குத் தெரியும். ஆனாலும் பத்து மாதம் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு கூட்டத்துக்கு அவரையும் அழைக்கச் சொல்லி, எல்லோர் முன்னும் எழுந்து உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஓம் சேர், எனக்கு அண்டைக்கே தெரியும். இஞ்சை சொல்லிப்போட்டியள். கோயிலிலை ஆர் சொல்லுறது?”

அடுத்த வெள்ளி அவரையும் கூட்டிக்கொண்டு அன்னதான மடத்துக்குப் போய் அங்கேயும் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதிய பெண், வெட்டச் சொல்லிப் பூசணிக்காயைக் கலவை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டார்.

அவர் வேலைக்குத் திரும்பினார், ஒரு நிபந்தனையோடு: தான் சோதிக்காமல் ஒரு போத்தலும் வெளியே போகக்கூடாது. பழைய பாண் ரொட்டியில் பிடித்த பூஞ்சணத்தை வேண்டுமென்றே களிம்பில் விட்டு, நான்கு கிழமை மூடிவைத்துப் பார்ப்பார். பூஞ்சணம் வளராவிட்டால்தான் அந்தப் பதனப்பொருள் தேறும். இன்று சுன்னாகத்திலிருந்தும் குளிக்கும் சவர்க்காரம் செய்பவர்கள் அவரிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பெருமையாக இருக்கிறது. அதில் எனக்குப் பங்கில்லை என்பதும் தெரியும்.

போன மாதம் நானும் புதிதாக ஒரு பதனப்பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். நாள் வந்ததும் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

“பச்சை பிடிச்சிட்டுது சேர். நீங்களே எழுதுங்கோ.”

அவருடைய சோதனைக் கொப்பியில் ‘தவறியது’ என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டேன்.